இஞ்சி சார்

அன்புள்ள டைப் அக்காவுக்கு,

படிக்கட்டுக்கு அடியில் கடை வைத்திருக்கும் கடைக்காரி எழுதுவது. உறையின் பின்பக்கத்தில் என் விலாசத்தைப் பார்த்ததும், இதைப் பிரிக்காமல் இழுப்பறையில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்திருப்பீர்கள். எப்படியோ பிரித்துவிட்டீர்கள். இனிமேல் முழுவதும் படிக்காமல் வைக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். வக்கீல் ஆபீஸில் எவ்வளவு மட்டமான மனுவாக இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் மெஷினில் தாள் சொருகுவீர்கள்.

உங்கள் பழைய போன் நம்பரில் இப்போது யாரோ ஒரு பல் டாக்டர் எடுக்கிறார். மூன்று முறை கூப்பிட்டு, மூன்றாவது முறை அவரிடமே என் கடைவாய்ப் பல்லுக்கு யோசனை கேட்டுக்கொண்டு வைத்தேன். பிறகு உங்கள் வக்கீலின் மருமகனைப் பிடித்து இந்த முகவரியை வாங்கினேன். நீங்கள் இப்போது கோர்ட்டில் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். உங்களுக்குக் கீழே ஆறு பேராமே. பாவம் அந்த ஆறு பேர்.

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் எனக்கு முன்னால் கிழவியாகிவிட்டது. வாய் அப்படியேதான் இருக்கிறது. கடையும் அப்படியேதான். உயரமானவர்கள் இன்னமும் தலையைக் குனிந்துதான் கிளாஸை வாங்குகிறார்கள். பழைய லிஃப்டைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி லிஃப்ட் போட்டுவிட்டார்கள். அதற்கு ஆள் கிடையாது, அதுவே பேசுகிறது. ஆனால் மூன்றாவது மாடியில் நின்றுபோகும் பழக்கத்தைப் புது லிஃப்டும் கற்றுக்கொண்டுவிட்டது. அதனால் ‘மூணாவது மாடி’ நன்றாகவே போகிறது. இந்த வாரம் வெயிலும் சேர்ந்துகொண்டதில் எலுமிச்சம்பழம் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது.

கடைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இந்தப் பெயரெல்லாம் எப்படி வந்தது என்று இன்னமும் நான்தான் சொல்கிறேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டு வேர்த்து வழிந்து இறங்கி வருகிறவர்களுக்கு உப்புத் தூக்கலாகப் போட்டுக் கொடுத்த எலுமிச்சை சோடாதான் ‘மூணாவது மாடி’. நாலாவது மாடி இன்சூரன்ஸ் குமாஸ்தா மேனேஜர் முன்னால் இருமிக்கொண்டே குடித்துவிட்டு அரை நாள் வீட்டுக்குப் போவானே, அந்த மிளகு, தேன் போட்ட வெந்நீர் ‘லீவ் லெட்டர்’. ஒருநாள் கை தவறி காபிக்குள் டீயை ஊற்றிவிட்டேன். கொட்ட மனசு வரவில்லை. என் வீட்டுக்காரர் அதை ஒரு வாய் குடித்துவிட்டு, “ரெண்டும் ஒரே வீட்டுல உக்காந்திருக்கு, ஒண்ணோட ஒண்ணு பேசிக்க மாட்டேங்குது” என்றார். அன்றிலிருந்து அது ‘சம்பந்தி’. இவை மூன்றையும் நான் ஒரு வார்த்தை மாற்றாமல் சொல்கிறேன்.

நாலாவது பெயர் விஷயத்தில்தான் நான்கு வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டு வருகிறேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஒரு தடவையாவது என் கையால் எழுத வேண்டும். கடையில் மாட்ட விலைப்பட்டியல் அடித்துக் கொடுங்கள் என்று நான் கேட்டேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அடித்துக்கொண்டு வந்து கொடுத்தீர்கள். ‘இஞ்சிச் சாறு’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘இஞ்சி சார்’ என்று இருந்தது. நான் கவனிக்காமல் மாட்டிவிட்டேன். ஐந்தாவது மாடி ஆடிட்டர் வந்து, மூஞ்சியில் ஒரு சிரிப்பும் இல்லாமல், “இஞ்சி சார் இருக்காரா?” என்று கேட்டார். எனக்கும் என்ன தோன்றியதோ, “உள்ளதான் இருக்காரு, இதோ அனுப்பறேன்” என்றேன். சாயந்திரத்துக்குள் ஆறு மாடிக்கும் அது பரவிவிட்டது. “சார் இன்னிக்குக் கொஞ்சம் காரமா இருக்காரே.” “சார் இல்லேன்னா சொல்லுங்க, நாளைக்கு வரேன்.” ஒரு கிளாஸ் தண்ணீருக்கு இவ்வளவு மரியாதை இந்த உலகத்தில் வேறு எங்கும் கிடைத்திருக்காது.

நீங்கள் திருத்தி அடித்துத் தருகிறேன் என்றீர்கள். என் வீட்டுக்காரர்தான் தடுத்தார். லிஃப்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காலையிலிருந்து ராத்திரி வரை போகிறவர் வருகிறவரை எல்லாம் சார் சார் என்று சொன்ன மனுஷன், “வேண்டாங்க அக்கா, இருக்கட்டும். இந்தக் கட்டடத்துல இந்த ஒரு சாரைத்தான் என்னால குடிச்சுத் தீர்க்க முடியும்” என்றார்.

இதுதான் உண்மை. கடையைப் பற்றி எழுத அந்தப் பத்திரிகைக்காரப் பையன் வந்த அன்று நான் சொன்னது வேறு. அவர் போய் ஒன்பது வாரம் ஆகியிருந்தது. சுவரில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, “இவர்தான் அந்த சாரா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன் அக்கா, வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு சொன்னதுதான் நானாகச் சொன்னது. அவர் ஆபீஸில் பெரிய வேலையில் இருந்தார், இஞ்சிச் சாறு என்றால் உயிர், எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் அந்தப் பெயரையே வைத்துவிட்டேன் என்று அடுக்கிக்கொண்டே போனேன். உயிரோடு இருந்தவரை அவரை ஒருத்தரும் சார் என்று கூப்பிட்டதில்லை. செத்த பிறகாவது அச்சில் ஒருமுறை அப்படி வரட்டுமே என்று இருந்தது. அப்போது நீங்கள் கடையில்தான் இருந்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த மாதம் வக்கீல் ஆபீஸை மூடினார். நீங்கள் ஒரு சீட்டில் ‘ஊருக்குப் புறப்படுகிறேன்’ என்று மட்டும் அடித்து என் மகளிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள். பதினோரு வருஷம் தினமும் நாலு மணிக்கு ஒரே கிளாஸில் குடித்தவர்கள் நாம். கடை ஆரம்பித்த வாரம் கிளாஸ் பெட்டி படியில் உருண்டு, ஐந்தே கிளாஸ் மிஞ்சியபோது ஆரம்பித்த வழக்கம் அது. பிறகு ஐம்பது கிளாஸ் வந்த பின்னும் நாம் மாற்றிக்கொள்ளவில்லை. மேல் பாதி உங்களுக்கு, இஞ்சி தங்கும் கீழ்ப் பாதி எனக்கு. அப்படி இருந்துவிட்டு ஒரு சீட்டு.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு பெயரை அடித்துக் கொடுத்ததற்கு உரிமை கொண்டாடுகிறாளா, என் புருஷனுக்கு ஒரு பட்டம் கிடைத்தது இவளுக்குப் பொறுக்கவில்லையா என்று நினைத்தேன். நான்கு வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருப்பது சௌகரியமாகவும் இருந்தது.

இப்போது ஒரு பாட்டில் கம்பெனி வந்திருக்கிறது. இஞ்சி சாரை பாட்டிலில் அடைத்து ஊர் ஊராக விற்க வேண்டுமாம். என் மகளுக்கு ஒரே சந்தோஷம். அவள்தான் பேசி முடித்தாள், கெட்டிக்காரி. எனக்கும் சந்தோஷம்தான், எதற்குப் பொய் சொல்ல வேண்டும். என் கை அளவு நூறு ஊருக்குப் போகிறது என்றால் கசக்குமா?

போன வியாழக்கிழமை கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி அம்மா லேபிளைக் கொண்டுவந்து காட்டினாள். அதில் அவர் இருந்தார். மீசை சரியாக இருந்தது. கண்ணும் சரி. ஆனால் கோட்டும் டையும் போட்டிருந்தார்கள். பின்னால் ஒரு பெரிய மேசை. என் மகள், “அப்பா எவ்ளோ நல்லா இருக்காரு பாரும்மா” என்றாள். எனக்கு யாரோ அந்நிய ஆம்பளையின் போட்டோவை வீட்டில் மாட்டச் சொன்ன மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு பத்திரத்தை நீட்டினார்கள். ‘இந்தப் பெயர் என் கணவரைக் குறித்து நானே வைத்தது, இதில் வேறு எவருக்கும் பங்கில்லை என உறுதி கூறுகிறேன்.’ கீழே கையெழுத்துப் போட ஒரு கோடு.

பேனாவைத் திறந்துவிட்டு மூடிவிட்டேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொன்னேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது. அந்த அம்மா நல்ல மாதிரி, இருபதாம் தேதி பார்க்கலாம் என்று போய்விட்டாள்.

நான் உங்களிடம் அனுமதி கேட்கவில்லை அக்கா. அனுமதி கேட்டால் பெரிய மனசு பண்ணி ‘போட்டுக்கொள்’ என்று எழுதிவிடுவீர்கள், எனக்கு அது வேண்டாம். பெயர் வைத்தது நீங்கள் என்று இருபதாம் தேதி அவர்கள் முன்னால் சொல்லப் போகிறேன். கை தவறி வைத்தாலும் வைத்தது வைத்ததுதான். பத்திரத்தில் உங்கள் பெயர் எப்படி வர வேண்டும், முன்னெழுத்து என்ன என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். இத்தனை வருஷம் பழகியும் உங்களை ‘டைப் அக்கா’ என்றே கூப்பிட்டு, முழுப்பெயரை எழுதத் தெரியாமல் நிற்கிறேன். அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

என் மகள் பெரியம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

பதிலை எதிர்பார்த்திருக்கும்,
கடைக்காரி

*

அன்புள்ள கடைக்காரிக்கு,

உங்கள் கடிதம் திங்களன்று கிடைத்தது. இங்கே எல்லாம் கம்ப்யூட்டர் என்றாலும் என் பழைய மெஷினைக் கூடவே கொண்டுவந்துவிட்டேன். ஆகவே இது அதில் அடித்தது. ‘ஏ’ கொஞ்சம் மேலே ஏறி நிற்கும், பொறுத்துக்கொள்ளவும்.

என் பெயர் எந்தப் பத்திரத்திலும் வேண்டாம். தயவுசெய்து போட வேண்டாம். நாற்பதாயிரம் பக்கமாவது அடித்திருப்பேன். எதிலும் என் பெயர் இல்லை. அது எனக்குக் குறையாக இருந்ததில்லை.

உங்கள் கடிதத்தில் மூன்று தவறுகள் இருக்கின்றன. திருத்துவது என் தொழில்.

முதல் தவறு. கை தவறியது என்று எழுதியிருக்கிறீர்கள். என் மெஷினில் ‘று’ என்பது ஒரே கட்டை, ஒரு தட்டு. ‘ர்’ அடிக்க வேண்டுமானால் புள்ளிக்கு ஒரு தட்டு, எழுத்துக்கு ஒரு தட்டு. அவசரத்தில் ஒரு தட்டு விட்டுப்போகும். கூடிப்போகுமா? அந்த ஆபீஸில் நான் சேர்ந்த நாளிலிருந்து எத்தனை சாறு, எத்தனை சார் அடித்திருக்கிறேன். ஒன்றுக்கு ஒன்று மாறியதில்லை. அன்று வேண்டுமென்றேதான் அடித்தேன்.

அன்று காலை நடந்ததை உங்களிடம் சொல்லக் கூடாது என்று உங்கள் வீட்டுக்காரர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அவர் இல்லை என்பதால் வாக்கும் இல்லை என்று ஆகிவிடாது. ஆனாலும் இதை நீங்கள் தெரிந்துகொள்ளாமல் அந்தக் கோட்டில் கையெழுத்துப் போடக் கூடாது.

ஆறாவது மாடிக்குப் புதிதாக ஒரு மேனேஜர் வந்திருந்தார். அவர் ஏறும்போது உங்கள் வீட்டுக்காரர் “வாங்க” என்று மட்டும் சொன்னார். லிஃப்டில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். “வாங்க, அப்புறம்?” என்றார் அந்த ஆள். “வாங்க சார்” என்றார் இவர். “கேக்கல.” மறுபடி சொன்னார். “இன்னொரு தடவை, சத்தமா.” மூன்றாவது முறையும் சொன்னார். நாங்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நான் இறங்க வேண்டிய இரண்டாவது மாடி தாண்டிப் போய்விட்டது, அதைக்கூடச் சொல்லவில்லை. எல்லோரும் இறங்கிய பின் என்னை மட்டும் கீழே கொண்டுவந்தார். வரும்போது சிரித்துக்கொண்டே, “இன்னிக்கு சார் கோட்டா முடிஞ்சுபோச்சு அக்கா. நீங்க வீட்டுல சொல்லிடாதீங்க. அவ ஆறாவது மாடிக்கு ஏறிப் போய் சண்டை போடுவா, கடை போயிடும்” என்றார். சரியாகத்தானே சொன்னார்.

மதியம் உங்கள் விலைப்பட்டியலை அடிக்க உட்கார்ந்தேன். காலையில் வாயை மூடிக்கொண்டு இருந்த பாவத்துக்கு என் விரலால் முடிந்ததைச் செய்தேன். அந்தக் கட்டடத்தில் அவர் குடித்துவிடக்கூடிய ஒரு சார் இருக்கட்டும் என்று நினைத்தேன். நீங்கள் மாட்டிய பிறகு அவர் அதை இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். லிஃப்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் திருத்தித் தருகிறேன் என்றது சும்மா ஒரு பேச்சுக்கு.

ஆகவே அந்தப் பத்திரிகையில் வந்தது பொய் இல்லை. பெயர் அவரைக் குறித்துத்தான் வைத்தது. நீங்கள் தெரியாமல் உண்மையைச் சொல்லிவிட்டீர்கள்.

இரண்டாவது தவறு. அவரை ஒருவரும் சார் என்று கூப்பிட்டதில்லை என்பது. நான் கூப்பிட்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தெரியாமல், “சார், ரெண்டாவது மாடி” என்றேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. அதற்குப் பிறகு லிஃப்டில் வேறு ஆள் இல்லாதபோதெல்லாம் தெரிந்தே கூப்பிட்டேன்.

மூன்றாவது தவறு, நான் பெயருக்காகக் கோபித்துக்கொண்டேன் என்பது. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தப் பத்திரிகைப் பையன் என்னைக் காட்டி, “இவங்க யாரு?” என்று உங்களிடம் கேட்டான். “கஸ்டமர்தான்” என்றாய். கிளாஸில் எனக்குரிய பாதியைக் குடித்துவிட்டு, உன் பாதியை மேசை ஓரத்தில் வைத்திருந்தேன். போட்டோவுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை எடுத்து ஊற்றிவிட்டுக் கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தாய். புருஷனை இழந்து ஒன்பது வாரம் ஆனவளிடம் போய் இதைக் கேட்பதா என்று அன்று கேட்கவில்லை. பிறகு கேட்க முடியாத அளவுக்கு நாள் ஆகிவிட்டது. அவ்வளவுதான்.

முழங்காலுக்கு டாக்டரைப் பார். பல் டாக்டரை அல்ல.

டைப் அக்கா

*

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்றாவது தவறு வரைக்கும் ‘நீங்கள்’ என்று இருந்தது. அதற்கு நடுவில் ‘நீ’ ஆகிவிட்டது. அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். திருத்துவது தொழில் என்றீர்கள், அதை மட்டும் திருத்தாமல் அனுப்பியிருக்கிறீர்கள். இனிமேலும் திருத்தாதீர்கள்.

மூன்றாவது தவறுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த வார்த்தையை நான் சொன்னேன். மறந்துவிட்டேன் என்று எழுதத்தான் முதலில் தாளை எடுத்தேன். மறக்கவில்லை. நீங்கள் என் சிநேகிதி என்று சொன்னால் அந்தப் பையன் உங்களிடமும் இரண்டு கேள்வி கேட்பான். உங்களுக்குப் பொய் சொல்ல வராது. அதனால் உங்களைக் கஸ்டமர் ஆக்கினேன். கிளாஸை ஊற்றிய காரணமும் அதுதான். ஒரே கிளாஸில் குடிக்கும் இரண்டு பேரைப் பார்த்தால் யாருக்கும் அது கஸ்டமர் இல்லை என்று தெரிந்துவிடும். போட்டோவுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்யைக் காப்பாற்ற உங்களைக் கொடுத்துவிட்டேன் அக்கா. ஒன்பது வாரத் துக்கம் என்று நீங்கள் எனக்குச் சலுகை கொடுத்தீர்கள். அதை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். துக்கத்தில் இருந்தவளுக்குக் கணக்காக எந்த இடத்தில் எதை மறைக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததே. என்னை மன்னிக்க வேண்டும்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் கடிதத்தைக் கடையிலேயே நின்றபடி படித்தேன். ஆறாவது மாடி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டேன். அந்த மேனேஜர் ரிட்டயர் ஆகிப் போய் ஐந்து வருஷம் இருக்கும். இருந்தாலும் கையில் கரண்டியோடு லிஃப்ட் வாசல் வரை போய்விட்டேன். அது கண்ணாடிக் கதவைத் திறந்து “எந்தத் தளம்?” என்று கேட்டது. திரும்பி வந்தேன். என்னைப் பற்றி அவர் கணித்தது எவ்வளவு சரி என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன், ‘லீவ் லெட்டர்’ கேட்டு வந்தவர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

இருபதாம் தேதி கம்பெனி ஆபீஸுக்கே போனோம், நானும் மகளும். நீளமான மேசை, எட்டு நாற்காலி, ஒவ்வொருத்தர் முன்னாலும் மூடி போட்ட தண்ணீர் டம்ளர். அந்த அதிகாரி அம்மா, அவளுக்கு மேலே ஒருத்தர், சட்டம் பார்க்கிறவர் ஒருத்தர். மகளிடம் நான் முன்கூட்டியே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வழியிலேயே என்னைச் சமாதானம் பண்ணியிருப்பாள்.

பேனாவைக் கையில் கொடுத்தார்கள். கையெழுத்துக்கு முன்னால் ஒரு கதை சொல்ல வேண்டும் என்றேன். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்துவிட்டேன். லிஃப்ட், ஸ்டூல், மூன்று முறை சார் சொல்ல வைத்தது, உங்கள் மெஷின், ஒரு தட்டு, இரண்டு தட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். நான் பத்திரிகைக்குச் சொன்ன பொய்யையும் விடவில்லை. பக்கத்தில் மகள் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவை ஒருத்தன் அப்படி நிற்க வைத்தான் என்று அவளுக்கும் அன்றுதான் தெரியும்.

முடித்ததும் பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கதை நல்லா இருக்கும்மா. ஆனா லேபிள்ல கோட்டு இருந்தாத்தான் சார்னு எடுபடும்” என்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மகள், “கோட்டை எடுத்துடுங்க. அது எங்கப்பா இல்ல” என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அப்பா மாதிரியே சொன்னாள். இந்தப் பேச்சையே இவள்தான் முடித்துவைத்தாள், இப்போது இவளே கலைக்கிறாளே என்று அவர் பார்த்தார். கலைந்தால் கலையட்டும் என்று நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். நாளைக்கும் கடை திறக்கப் போகிறவளுக்கு என்ன பயம்.

அப்போது அந்த அதிகாரி அம்மா நோட்டைத் திறந்து, “அவரோட யூனிஃபார்ம் என்ன கலரும்மா?” என்று கேட்டாள்.

நீலம் என்றேன். காலர் மட்டும் வெளுத்திருக்கும் என்றேன். மேல் பையில் ஒரு பேனா இருக்கும், எழுதவே எழுதாது, ஆனால் இருக்கும் என்றேன். அவள் ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். பெரியவர் அவளைப் பார்த்தார், சட்டம் பார்க்கிறவரைப் பார்த்தார், பிறகு தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

‘வேறு எவருக்கும் பங்கில்லை’ என்ற வரியை நான் பேனாவால் கோடு போட்டு அடித்துவிட்டேன். உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னதை மீறவில்லை. ‘பெயர் வைத்தவர் எங்கள் சிநேகிதி’ என்று என் கோணல் எழுத்தில் எழுதினேன். சட்டம் பார்க்கிறவர், இப்படியெல்லாம் எழுத முடியாது, சிநேகிதி என்றால் சட்டப்படி யார் என்று கேட்டார். அது உங்கள் சட்டத்துக்குத் தெரியாவிட்டால் நான் என்ன செய்ய முடியும் என்றேன். ஒரு வாரம் அவகாசம் கேட்டார்கள். நேற்றுப் பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நான் எழுதிய வரியை ஒழுங்காக டைப் அடித்து, வார்த்தையை மாற்றாமல். புது லேபிளும் வந்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். மீசை கொஞ்சம் பெரிதாகிவிட்டது, பரவாயில்லை, அவர் ஆசைப்பட்ட அளவுதான்.

வெளியே வந்ததும் மகள் தெருவோரம் நின்று அழுது தீர்த்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பெரியம்மா அப்பாவை சார்னு கூப்பிட்டாங்களாமா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வீடு வந்து சேரும் வரை இன்னும் இரண்டு முறை கேட்டாள்.

எனக்கும் ஒரு விஷயம் இன்னும் ஆறவில்லை. அவர் எவ்வளவு லேசாக அதைச் சுமந்திருக்கிறார். அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்து, வழக்கம் போலச் சட்டையை மடித்து வைத்தார். நான் என்ன சமைத்தேன், எதற்காக அவரைத் திட்டினேன் என்பதெல்லாம் நினைவில் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தெரியாததைச் சுமக்க அவருக்கு ஒருத்தி கிடைத்தாளே என்று இப்போது நிம்மதியாக இருக்கிறது. முதலில் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. இரண்டு நாளில் சரியாகிவிட்டது.

உங்களை வரச் சொல்லி எழுதலாம் என்றுதான் இருந்தேன். பிறகு யோசித்தேன். வெளியே போக வைத்தவள் நான், திரும்பி நடந்து வருவது நீங்களா? அதனால் நான் வருகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டிக்குச் சீட்டு எடுத்தாகிவிட்டது, கீழ்ப் படுக்கை. அவர் காரியம் நடந்த நாட்களைத் தவிர இந்தக் கடையை நான் பூட்டியதில்லை. இப்போதும் பூட்டவில்லை, மகள் மூன்று நாள் பார்த்துக்கொள்கிறாள். இஞ்சியை எப்படித் தட்டுவது என்று எனக்கே பாடம் நடத்துகிறாள்.

வண்டி சனிக்கிழமை காலை ஆறேகாலுக்கு வந்து சேருமாம். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், விசாரித்துக்கொண்டு வந்துவிடுவேன், வாய் இருக்கிறதே. உங்கள் வீடு தெருவில் எந்தப் பக்கம், மாடியா கீழா, ஜன்னலைத் திறந்தால் என்ன தெரியும், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று ஒன்றுமே எனக்குத் தெரியாது. நான்கு வருஷம் நீங்கள் இருந்த இடத்தை நான் நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. வந்து பார்க்கிறேன்.

அதுவரை உடம்பு சுகமாக, கண் வலி, கை வலி இல்லாமல் இருங்கள். அந்த ஆறு பேரையும் இந்த ஒரு வாரம் திட்டாதீர்கள். சனிக்கிழமை காலை மட்டும் கதவை உள்ளே தாழ் போடாமல் வையுங்கள் அக்கா. எனக்கு முழங்கால் வலி, வாசலில் நிறைய நேரம் நிற்க முடியாது.

உங்கள் தங்கை